ஆயிரத்தில் குறைந்த அறுபத்தொன்பது

என் வீட்டுக்காரர் இருபது வருடம் ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய்ப் போர்வெல் கிணறு போட்டவர். போகிற இடத்திலெல்லாம் போனில் வீடியோ எடுப்பார். ஊருக்கு வரும்போது மகன் அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவைப்பான். போன வருடம் தொண்டையில் ஆபரேஷன். உயிர் தங்கியது, குரல் போயிற்று. இப்போது எங்கள் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறார். என்னைக் கூப்பிட இரண்டு தடவை கை தட்டுவார். அந்தச் சத்தம் கேட்கிற வரைக்கும் சாமியை என்ன குறை சொல்வேன்?

பழைய கம்ப்யூட்டர் முனக ஆரம்பித்ததும், அதிலிருப்பதை மாற்ற ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க் வாங்கினேன். மாட்டிப் பார்த்தால், ஆயிரம் ஜிபி இருக்க வேண்டிய இடத்தில் 931 என்று காட்டியது. எனக்கு வந்ததே கோபம்! பழைய டிஸ்கின் அட்டையிலும் ஒரு டெராபைட்தான். அதுவோ விளிம்புவரை நிரம்பிக் கிடந்தது. மீதி அறுபத்தொன்பதை எங்கே வைப்பேன்?

வெளியூரில் இருக்கும் மகனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவசரக்காரிக்குப் புத்தி மட்டு. நானே கழிக்க உட்கார்ந்தேன். தண்ணீர் பீறிட்டு வந்த வீடியோக்களை வைத்துக்கொண்டு, வெறும் புழுதி வந்தவற்றை அழித்தேன். தண்ணீர் வராததை யார் பார்க்கப்போகிறார்கள்?

மிச்சத்தைப் போட்டுப் பார்த்தபோதுதான் செய்த தப்பு புரிந்தது. தண்ணீர் வந்த இடங்களில் மெஷின் இரைச்சல், ஆட்களின் கூச்சல். அவர் குரலே கேட்கவில்லை. தண்ணீர் வராத இடத்தில்தான் மெஷினை நிறுத்துவார்கள். அந்த அமைதியில்தான் அவர் பேசுவார்.

அழுதுகொண்டே அவரிடம் சொன்னேன். போனில் தட்டிக் காட்டினார்: "போனாப் போகுது உடு." அதைப் படித்து இன்னும் அழுதேன்.

மறுநாள் கம்ப்யூட்டரையும் புது டிஸ்கையும் போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு இருவரும் திருச்செங்கோடு போனோம். ரிப்பேர் கடையில் ஒரு பெண் இருந்தார்.

"அழிச்சதுக்கப்புறம் வேற எதாச்சும் ஏத்துனீங்களாங்க்கா?"

"இல்லீங்க."

"நல்லவேளைங்க. பெரும்பாலும் எடுத்துரலாம்."

பிறகு பழைய டிஸ்கைத் திறந்து காட்டினார். அதிலும் 931தான்! கம்பெனிக்காரர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்களாம். கம்ப்யூட்டரோ ஆயிரத்து இருபத்து நான்கைச் சேர்த்துத்தான் ஒரு கட்டாக எண்ணுமாம். ஒவ்வொரு படியிலும் இப்படியே எண்ணுவதால் கடைசியில் இவ்வளவு குறைகிறதாம். எங்கள் தோப்பில் நடப்பதுதான். தேங்காய் வியாபாரி நூற்றுக்கு இத்தனை என்று இனாமாக லாபக்காய் சேர்த்துத்தான் நூறு எண்ணுவார். நாங்கள் எண்ணிய ஆயிரம் அவர் கணக்கில் குறைந்துவிடும். காய் எங்கும் போகவில்லை, அங்கேயேதான் குவிந்து கிடக்கும். வருடா வருடம் பார்க்கிற எனக்கு இது தெரியாமல் போயிற்றே! ஒன்றைக்கூட அழித்திருக்க வேண்டாம்.

நான்காம் நாள் கடைக்காரப் பெண் போனில் கூப்பிட, இருவரும் போனோம். ஒன்றிரண்டு தவிர எல்லாம் கிடைத்துவிட்டன. புது டிஸ்கில் அத்தனையும் அடங்கியும்விட்டன. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். சரிபார்க்க ஒன்றை ஓடவிட்டார். செம்மண் புழுதி, நின்றுபோன மெஷின், அவர் குரல்.

"ஏம்புள்ள, எண்ணூறடி போயும் சொட்டுத் தண்ணி இல்ல. நெலத்துக்காரர் மொகத்தப் பாக்க முடியல. செரி, நீ சாப்ட்டியா?"

கடை என்றும் பாராமல், "சாப்ட்டனுங்க" என்று சத்தமாகச் சொன்னேன்.

பின்னால் நின்றவர் இரண்டு தடவை கை தட்டினார்.