பச்சையாகக் காட்டிய ஆப்

அண்ணன் அன்றுபோல் என்னை என்றுமே திட்டியதில்லை. அவர் வேதாரண்யம் பக்கம் பைபர் படகு வைத்துத் தொழில் செய்கிறவர். நான் தஞ்சாவூரில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் நிரல் எழுதுகிறேன். மீனவர்களுக்குக் காற்று எச்சரிக்கை காட்ட எங்கள் அலுவலகம் ஒரு ஆப் செய்திருந்தது. அண்ணன் போனிலும் நான்தான் அதைப் போட்டுக் கொடுத்திருந்தேன்.

மத்தியானம் போன் வந்தது.

“ஒங்க ஆப்புல பச்சையா ‘எச்சரிக்கை இல்லை’ன்னு போட்டிருக்கு. அத நம்பிப் போனோம். காத்து படகத் தூக்கி அடிக்குது. வலைய அறுத்து விட்டுட்டு இப்பதான் கரையேறுனோம். யாரக் கொல்லப் பாக்குறீங்க?”

நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

எச்சரிக்கை வானிலை மையத்திலிருந்து எங்களுக்கு எக்ஸ்எம்எல் ஆவணமாக வரும்; ஒவ்வொரு தகவலும் அதில் ஒரு பெயருக்குக் கீழே இருக்கும். அன்று காலை வந்ததைத் திறந்தேன். பலத்த காற்று, கடலுக்குப் போக வேண்டாம் என்று தெளிவாகவே இருந்தது. எங்கள் நிரல்தான் அதைப் படிக்கவில்லை.

காரணம் ஆவணத்தின் தலையில் இருந்தது. அனுப்புகிறவர்கள் புதிதாக நேம்ஸ்பேஸ் என்ற ஒரு அடையாளத்தைச் சேர்த்திருந்தார்கள். பார்க்க இணைய முகவரி போலிருக்கும். அதைத் தலையில் போட்டுவிட்டால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பெயரும் அந்த முகவரிக்குச் சொந்தமாகிவிடும். கண்ணுக்குத் தெரிவதென்னவோ அதே பழைய பெயர்தான். முகவரியைச் சொல்லாமல் பெயரை மட்டும் கேட்டால் ஒன்றும் கிடைக்காது. பிழை என்றுகூட எதுவும் கத்தாது.

ஒன்றும் கிடைக்காவிட்டால் பச்சை காட்டு என்று எழுதி வைத்தவர் எங்கள் டீம் லீடர். நேராக அவர் மேஜைக்குப் போனேன்.

“சார், எச்சரிக்கை வந்திருக்கு. நாமதான் படிக்கல.”

“அவங்க சொல்லாம கொள்ளாம மாத்திட்டாங்கம்மா. நம்ம தப்பு இல்ல.”

“கெடைக்கலன்னா பச்சை காட்டச் சொன்னது யாரு சார்?”

“குரல ஒசத்தாதீங்க. இப்ப யாரும் செத்துடலையே?”

அந்த வார்த்தைக்கு அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஒரத்தநாட்டில் அவருக்கு வயல் இருப்பது எனக்குத் தெரியும். “ஒங்க வாய்க்கால்ல தண்ணி வருதான்னு பாக்கப் போனவன் பாக்காமலே வந்து, வருதுன்னு சொன்னா சும்மா விடுவீங்களா?” என்று கேட்டுவிட்டு என் இடத்துக்குத் திரும்பினேன்.

அந்த முகவரிக்கு நிரலில் ஒரு குட்டி முன்னொட்டு கொடுத்தேன். தேடும் ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் அதைச் சேர்த்தேன். காற்றின் வேகம், பகுதி, எச்சரிக்கையின் அளவு என்று எல்லா மதிப்புகளும் வந்து விழுந்தன. திரை சிவந்தது. அதோடு நிற்காமல், ஒன்றும் கிடைக்காத நேரத்தில் ‘தகவல் கிடைக்கவில்லை, இதை நம்பிக் கடலுக்குப் போகாதீர்கள்’ என்று காட்டவும் எழுதினேன்.

டீம் லீடர் என் பின்னால் வந்து நின்றார். “மொத மாத்தம் இருக்கட்டும். ரெண்டாவத எடுத்துருங்க. தகவல் இல்லன்னு காட்டுனா எவன் ஆப்ப வச்சுக்குவான்?”

“எடுக்க மாட்டேன்.”

“அப்ப நான் எடுக்குறேன்.”

“எடுங்க. எடுத்தது யாருன்னு எங்க ஊரு ஆளுங்க கிட்ட நானே சொல்றேன். வந்து ஒங்க கிட்டயே கேக்கட்டும்.”

அவர் என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு வெளியே போய்விட்டார். சாயங்காலத்துக்குள் இரண்டு மாற்றங்களையும் ஏற்றினேன். அதற்குப் பிறகு என்னிடம் அவர் மெயிலில் மட்டும்தான் பேசுகிறார். எனக்கும் அதுவே போதும்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். அண்ணிதான் எடுத்தார். “அவங்க பேச மாட்டாங்களாம்” என்றார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அண்ணன் போனில் அந்த ஆப் இல்லை. கேட்டேன்: “அண்ணே, சரி பண்ணியாச்சு. திரும்பப் போட்டுத் தரவா?”

“சரி பண்ணிட்டன்னு நீ சொல்ற. அன்னைக்கும் சரியாத்தான் இருக்குன்னு சொல்லிக் குடுத்த.”

அவர் எழுந்து வலை பார்க்கப் போய்விட்டார்.