அக்கரை நிபுணர்

பூதக்கண்ணாடி பத்திரிகைப் படத்தின் மேல் ஊர்கிறது. "மூணாவது ஆளைக் காணோம். சரி, அவர் கதை முடிஞ்சுது" என்கிறார் எதிர்வீட்டுப் பேராசிரியர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய நாட்டின் அமைச்சர்கள் வரிசையாக நிற்கும் படம் அது. மூன்றாமவர் ஜலதோஷத்தில் படுத்திருக்கலாமே என்றால் முறைப்பார். பல்கலைக்கழகத்தில் அந்த நாட்டைப் பற்றிப் பாடம் நடத்துகிற இவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'அக்கரை'.

தொழில்புத்தி வீட்டிலும் விடாது. கல்யாண ஆல்பத்தைப் புரட்டி, "உன் தம்பியை ஓரத்துக்குத் தள்ளிட்டாங்க. சம்பந்தி வீட்டோட ஏதோ புகைச்சல்" என்று மனைவியிடம் அறிக்கை வாசிப்பார். ஐஸ்கிரீம் அந்தப் பக்கம் இருந்ததால்தான் தம்பி ஓரமாக நின்றாராம்.

இவ்வளவு தெரிந்தவர் அக்கரையில் கால் வைத்துப் பல வருடங்கள் ஆகின்றன. எப்போதோ எழுதிய ஒரு கட்டுரைக்காக விசா தர மறுக்கிறார்கள். மகளை அங்கேதான் கட்டிக்கொடுத்திருக்கிறார். பேத்தி நடக்கவே தொடங்கிவிட்டாள், இவர் இன்னும் தூக்கியதில்லை. "போகாத ஊருக்கு வழி சொல்றதுக்கு ஒரு உத்தியோகம்!" என்பார் மனைவி.

போன வாரம் அந்த நாட்டுத் தூதரகத்திலிருந்து ஒருவர் இனிக்க இனிக்கப் பேசினார். "விசா வந்துடும் சார். அதுவரைக்கும் டிவியில கொஞ்சம் அடக்கி வாசிங்க." அன்றே பெட்டி பரணிலிருந்து இறங்கியது. பேத்திக்கு வாங்கி வைத்திருந்த கவுன்தான் முதலில் உள்ளே போனது.

முந்தாநாள் அக்கரைப் படைகள் ஆற்றோரம் வந்து நின்றன. வெறும் பயிற்சி என்று எங்கள் அமைச்சரே சொல்லிவிட்டார். நேற்று மாலை டிவிக்காரர்கள் இவரை வீட்டிலிருந்தபடியே பேச அழைத்தார்கள். எதிர்வீட்டுக்காரன் என்ற உரிமையில் நானும் போய் உட்கார்ந்தேன். அவருக்கு மேலே கோட்டு, கீழே அரைக்கால் சட்டை.

"'நிலைமையைக் கூர்ந்து கவனிக்கணும்'னு மட்டும் சொல்லுங்க. எல்லா நிபுணரும் அதைத்தானே சொல்றாங்க?" என்றார் மனைவி.

"சத்தியமா, அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

செய்தி வாசிக்கும் பெண் கேட்டார்: "இது பயிற்சிதானே சார்?"

"நிலைமையைக் கூர்ந்து..." என்று தொடங்கியவரின் கண் அன்றைய பத்திரிகைப் படத்துக்குப் போனது. பூதக்கண்ணாடியை எடுத்தார். "படையினருக்குப் பின்னால செஞ்சிலுவை போட்ட கூடாரமா தெரியுது பாருங்க, அத்தனையும் ஆஸ்பத்திரி. பயிற்சிக்குப் போறவங்க இத்தனை ஆஸ்பத்திரியைத் தூக்கிட்டுப் போகமாட்டாங்கம்மா. ஆத்தோரத்து ஜனங்களை உடனே வெளியேத்துங்க."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் மனைவியின் முகத்தைப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை.

பேட்டி முடிந்ததும், கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலி மேல் ஏறி, பெட்டியைக் கவுனோடு அப்படியே பரணுக்குத் தள்ளினார். மனைவி வந்து நாற்காலி ஆடாமல் பிடித்துக்கொண்டார்.