உள்ளே இருக்கிறதைக் காட்டு

பிஸ்கட் டப்பாவைத் துணியில் கவிழ்க்கிறார். கை ஒடிந்த பிரேம்கள், மூக்கில் பதியும் ரப்பர்கள், கடுகளவு திருகாணிகள், சம்பந்தமே இல்லாமல் ஒரு சட்டைப் பொத்தான். கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்துக் கடையில் ஏணி கேட்கிற குரலில் சொல்கிறார்: “கடவுளே, புதுசா எதுவும் அனுப்ப வேணாம். உள்ள இருக்கறதைக் காட்டு, போதும்.”

மூக்குக்கண்ணாடி ரிப்பேர்காரர். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே யாரோ மறந்துவிட்டுப் போன சந்துக்குக் கதவு போட்டால் அதுதான் கடை. தெரு அவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘அதான் இருக்குல்ல’. ஃபேன் வாங்கச் சொன்னால், “எதுக்கு? கதவு அதான் இருக்குல்ல” என்று கதவை நாலு ஆட்டு ஆட்டிக் காட்டுவார். “வேண்டிக்கிறதுலகூட கஞ்சத்தனம் பண்ற ஒரே மனுஷன்” என்பது அவருடைய வீட்டுக்காரம்மா கொடுத்திருக்கும் நற்சான்றிதழ்.

நான் அங்கே போவது பக்தியால் அல்ல, ஓசிப் பேப்பருக்காக. வாசலில் எனக்கென்று ஒரு ஸ்டூல் உண்டு. டப்பாவிலிருந்து சரியான திருகாணி அகப்படும்போதெல்லாம், “இவ்வளவு குப்பை சேர்த்தா எனக்கும்தான் கிடைக்கும்” என்பேன். “சேர்த்துத்தான் பாருங்களேன்” என்பார்.

சென்ற வாரம் காலை பத்து மணிக்கு ஒரு பஸ் டிரைவர் மூச்சிரைக்க வந்து நின்றார். ஒரு கையில் பிரேம், மறு கையில் லென்ஸ். வளையத்தைப் பூட்டும் திருகாணி வழியில் எங்கோ விழுந்துவிட்டது. பதினொரு மணிக்குக் கண் பரிசோதனை.

“இன்னைக்கு விட்டா லைசென்ஸ் போச்சுண்ணே. அப்புறம் நானும் டிக்கெட் வாங்கித்தான் பஸ்ஸுல ஏறணும்.”

“நூலைச் சுத்திக் கட்டிவிடுங்களேன்” என்றேன்.

“லென்ஸ் சாஞ்சா எழுத்து சாயும். டாக்டர் இவரையே சாச்சுடுவார்.”

டப்பா கவிழ்ந்தது. வேண்டுதல் நடந்தது. ஒவ்வொரு திருகாணியாக வைத்துப் பார்த்தார். ஒன்று பருமன், ஒன்று குட்டை, எதுவும் பிடிக்கவில்லை. மறுபடி வேண்டினார், மேலே காது கேட்கவில்லையோ என்பதுபோலச் சற்று உரக்க. மணி பத்து இருபது. டிரைவரின் கைக்குட்டையைப் பிழிந்திருக்கலாம். எனக்குக் கிண்டல் வாய்வரை வந்தது. அந்த ஆளின் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

ரிப்பேர்காரர் வழக்கம்போல் நழுவிய தன் கண்ணாடியை மேலே தள்ளினார். விரல் அங்கேயே நின்றது.

“அட! இதை டப்பாவுல சேர்க்கவே இல்லையே!”

கழற்றினார். டிரைவருடையதைப் போலவே பழைய ரகம். இடது திருகாணி துருவேறி அசைய மறுத்தது. வலது கழன்றது, லென்ஸும் கையோடு வந்தது. அப்புறம்தான் சிக்கல். பிழைப்பை நடத்துவது வலது கண். இடது கண் முகத்தில் ஒப்புக்கு இருப்பது. பூட்டத் தெரிந்தவருக்கு இப்போது பார்வை இல்லை. பிரேமுக்கு ஒரு கை, திருப்புளிக்கு ஒரு கை. லென்ஸைப் பிடிக்க மூன்றாவது கையும் இல்லை.

அவர் தலை மெல்ல ஸ்டூல் பக்கம் திரும்பியது.

“சார், சும்மாத்தானே இருக்கீங்க? ரெண்டு வருஷமா கடவுள் உங்களை எதுக்கு இங்க உக்கார வச்சிருக்கார்னு நானும் யோசிச்சுட்டே இருந்தேன்.”

அவருடைய வலது கண்ணுக்கு முன்னால் லென்ஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“ஆடாதீங்க. இன்னும் கிட்ட. மூச்சு விடாதீங்க.”

“மூச்சு விடாம எப்படி…”

“பேசவும் பேசாதீங்க. நல்லாருக்கு.”

பின்னாலிருந்து டிரைவர் கெஞ்சினார்: “கொஞ்சம் பொறுத்துக்குங்க சார். எனக்கு மூணு பொண்ணு.”

மூன்று பெண்களையும் நினைத்துக்கொண்டு மூச்சை அடக்கினேன். மூன்றாவது திருகலில் பிடித்தது. டிரைவர் கண்ணாடியை மாட்டியபடியே ஓடினார்.

பன்னிரண்டரை மணிக்குத் திரும்பி வந்தவர் கடைக்கு வரவில்லை. தெருமுனையிலேயே நின்று, கடைப் பலகையை உரக்கப் படித்தார். கீழே இருக்கும் பொடி எழுத்தையும் விடவில்லை. ரிப்பேர்காரர் சுவரில் சாய்ந்து, அதுவரை பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார். பிறகு தன் லென்ஸைக் கறுப்பு நூலால் கட்டிக்கொண்டார். அது உடனே சாய்ந்தது.

மறுநாள் போனேன். வாசலில் ஸ்டூலைக் காணோம். உள்ளே எட்டிப் பார்த்தேன். சாய்ந்த கண்ணாடியோடு அவர் ஸ்டூலைத் துடைத்து, பிஸ்கட் டப்பாவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.