திருச்சியில் இறங்காத பெரிய விமானம்

வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் பொய்யர்கள். படத்தைப் பார்த்து மயங்கி ஒரு ஆட்-ஆனை, அதாவது விளையாட்டில் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் விமானத்தை, வாங்கிவிட்டு, உள்ளே சுவிட்ச் எல்லாம் அசலைப் போலவே வேலை செய்கிறது என்று எழுதுவார்கள். நானும் அந்தப் பாதியில் ஒருவன்தான். நான் வாங்கியதற்கு நாலு இன்ஜின், இரண்டு மாடி. வேறு எதையும் நான் பார்க்கவில்லை.

எனக்குப் புதுக்கோட்டையில் ஒரு அரசு அலுவலகத்தில் ஜீப் ஓட்டுகிற வேலை. வீடு வல்லத்திராக்கோட்டையில். கம்ப்யூட்டர் மகள் இன்ஜினியரிங் படிக்கும்போது வாங்கியது. அவள் கல்யாணமாகி ஷார்ஜா போனதும் அதற்குக் கிராபிக்ஸ் கார்டு மாட்டி நான் எடுத்துக்கொண்டேன்.

மகளுக்குத் தலைப்பிரசவம். எங்கள் பக்கம் அது தாய் வீட்டில்தான். ஆனால் அவள் பயணமே செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படியானால் தாய்தான் அங்கே போக வேண்டும். என் மனைவிக்கோ விமானம் என்றாலே நடுக்கம். மகள் போன் செய்யும்போதெல்லாம் பார்க்கலாம், பார்க்கலாம் என்று இழுத்தாள். சம்பந்தியம்மா ஒருநாள், நீங்கள் போகவில்லை என்றால் நான் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். அன்று இவள் சாப்பிடவே இல்லை.

பயத்தைத் தெளிய வைக்கிறேன் என்று நான் கிளம்பினேன். ஓட்டிக் காட்டுவதென்றால் பெரிய விமானத்தைத்தான் காட்ட வேண்டும் என்று நினைத்தது என் புத்தி. ஒரு இன்ஜின் நின்றாலும் மூன்று ஓடும் என்றேன். சென்னையில் ஏறித் திருச்சியில் இறங்குவதாகத் திட்டம்.

கிளம்பும் முன் எவ்வளவு எரிபொருள், எவ்வளவு சரக்கு என்று அந்த ஆட்-ஆன் கேட்கும். இருபத்தாறு வருடமாக டேங்க்கை நிரப்பாமல் நான் ஜீப்பை எடுத்ததில்லை. இதிலும் நிரப்பினேன். வளைகுடாவிலிருந்து சென்னை வழியாக வருகிறவன் எவன் காலிப் பெட்டியோடு வருகிறான் என்று சரக்கையும் முழுதாக ஏற்றினேன்.

நாற்பது நிமிடத்தில் அவ்வளவு எரிபொருள் தீருமா? தீராது. விமானம் கல்லைக் கட்டியது போல இறங்கியது. பிரேக் பிடித்துக்கொண்டே இருந்தேன். ரன்வே முடிந்தது, சுவர் போனது, புதுக்கோட்டை ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றது.

மனைவி எழுந்து போய்விட்டாள். மாலையில் மகளிடம் அவள் பேசுவது கேட்டது.

"ஒம் மாமியாரையே வரச் சொல்லிக்க ஆத்தா. எனக்குக் குடுப்பின இல்ல."

எனக்கு வந்த ஆத்திரத்தில், ஆட்-ஆன் செய்தவனைத் திட்டி அவர்கள் இணையப் பக்கத்தில் எழுதினேன். யாரோ ஒருவன் நிதானமாகப் பதில் போட்டான், இறங்கும்போது எடை என்ன என்று கேட்டு. கையேட்டைத் திறந்து பார்த்தேன். இறங்குவதற்கு ஒரு எடை வரம்பு இருக்கிறது, நான் அதற்கு வெகு மேலே இருந்திருக்கிறேன். எழுதியதை அழித்தேன். அழித்தாலும் கோபம் போகவில்லை. இப்போது கோபம் என் மேல்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை திருச்சியிலிருந்து நிஜமாகவே ஷார்ஜா போகிற அளவிலான சின்ன விமானத்தை எடுத்தேன். தேவையான எரிபொருள், அளவான சரக்கு. வந்து உட்கார் என்று கெஞ்சவில்லை, உட்கார் என்றேன். முறைத்துவிட்டு, ஆய வேண்டிய முருங்கைக் கீரையோடு வந்து உட்கார்ந்தாள்.

மொத்தம் நான்கு மணி நேரம். மேலே போனபின் அதுவாகப் பறக்கும், ஓட்டுகிறவனுக்கு அதிகம் வேலை கிடையாது. எனக்கு அதுதான் ஆகாது. எழுந்தேன், உட்கார்ந்தேன், தேவையில்லாத சுவிட்சைத் தட்டினேன், திரும்பவும் பழையபடி வைத்தேன். கால் ஆடிக்கொண்டே இருந்தது. கீழே கடல் வந்தது. அவள் பயப்படுகிறாளா என்று பார்த்தேன். கீரையை விட்டுவிட்டு என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டிக்கெட்டு ரெண்டு போடுறேன்னு மாப்ள கேட்டாரே. ஆபீஸ்ல லீவு தரலைன்னீங்க. கேட்டீங்களா?"

கேட்டேன் என்றேன்.

"பஸ்ல போனாக் கூட டிரைவர் காலப் பாத்து, நீங்க இங்கிட்டு பிரேக்க மிதிக்கிற ஆளு. அங்க ஒங்க கையில ஒண்ணுமே இருக்காது. எனக்காச்சும் பயம்னு சொல்லத் தெரியுது. நீங்க வந்தா வாரேன். இல்லன்னா அந்தம்மாவே போகட்டும்."

மூன்று வருடமாக விமானம் ஓட்டுகிறேன். ஒன்றில்கூட ஏறியதில்லை. பாஸ்போர்ட் எடுத்து பீரோவில் கிடக்கிறது. லீவும் நான் கேட்கவே இல்லை. இதையெல்லாம் நான் சொல்லித்தான் அவள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இல்லை. ஷார்ஜாவில் கோணலாகத்தான் இறக்கினேன். ஆனால் ரன்வேக்குள்ளேயே நின்றது. இவ்வளவுதானா என்று கேட்டுவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

திங்கட்கிழமை ஒரு மாதம் லீவு எழுதிக் கொடுத்தேன். கண்காணிப்பாளர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, மகள் பிரசவத்துக்கு ஆம்பளைக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டார்.

"வீட்ல அவங்களுக்கு ஃபிளைட்டுன்னா ரொம்பப் பயம் சார். தனியா விட முடியாது" என்றேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டார்.