ஒரு முழம் தள்ளி

அவர் கட்டிலில் உட்கார்ந்து ஒரு மின்விசிறிக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். வலது கை சுற்றும், இடது கை கம்பியை விறைப்பாகப் பிடித்திருக்கும். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை வேலையை நிறுத்திவிட்டு மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்ப்பார். அதற்குள் எத்தனை சுற்று என்பது மறந்துவிடும். எல்லாவற்றையும் பிரித்து முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

"கணக்கு விட்டுப்போச்சா?" என்றேன்.

"எந்தக் கணக்கு அக்கா? கம்பியா, உள்ள இருக்கறதா?"

மோட்டார்களுக்குச் செம்புக் காயில் கட்டும் கடை அவருடையது. தம்பியும் அதில் கூட்டாளி. ஓடுகிற மோட்டாரின் மேல் ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து, கைப்பிடியில் காதை வைத்துக் கேட்பார். பிரிக்காமலே கோளாறைச் சொல்லிவிடுவார். அதனால் எல்லோருக்கும் அவர் 'காது அண்ணன்'. கடைப் பலகையில் எழுதியிருந்த பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அப்படிக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் மயங்கி விழுந்தார். நாடி முப்பதுக்கு இறங்கியிருந்தது. இடது தோளுக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்தார்கள். இடது கையைத் தலைக்கு மேல் தூக்காமல் பார்த்துக்கொள்ள, அவர் மனைவி என்னை வீட்டு நர்ஸாக அமர்த்தினார். கை சொன்னபடி கேட்டது. மனிதர்தான் கேட்கவில்லை.

"இப்ப துடிக்கிறது நானா, அதுவா?"

"உங்களுது தயங்கினா அது ஒரு தட்டு தட்டிவிடும். இல்லேன்னா சும்மா இருக்கும்."

"சும்மா இருக்க ஒருத்தன உள்ள உக்கார வெச்சு நான் சோறு போடறேன்."

"இத்தனை வருஷமா என்னையும் இப்படித்தான் சொல்லிட்டிருக்கீங்க," என்றார் மனைவி, அடுப்படியிலிருந்து.

இதுபோல ஏழெட்டுப் பேரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். காயம் சீக்கிரம் ஆறிவிடும். தன் உயிர் இன்னொன்றின் தயவில் ஓடுகிறதே என்ற எரிச்சலுக்கு யாரும் மருந்து எழுதித் தருவதில்லை.

ஆறு வாரம் கழித்து டாக்டர் சோதித்துவிட்டு, வேலைக்குப் போகலாம் என்றார். ஆனால் மோட்டாரின் காந்தம் பேஸ்மேக்கரைக் குழப்பிவிடும், அதனால் ஓடுகிற மோட்டாருக்கும் நெஞ்சுக்கும் ஒரு முழமாவது இடைவெளி வேண்டும், அதன் மேல் சாயவே கூடாது என்றும் சொன்னார்.

"அப்ப கேக்கக் கூடாதா?"

"எதைக் கேக்கணும்?" என்றார் டாக்டர். இவர் சட்டையை மாட்டிக்கொண்டார்.

மறுநாள் கடைக்குக் கிளம்பினார். மனைவி பிடிவாதம் பிடித்ததால் நானும் கூடப் போனேன். சோதிக்கும் மேசையில் ஒரு தண்ணீர் மோட்டார் முனகிக்கொண்டிருந்தது.

"காது அண்ணன் வந்தாச்சு! அவரே சொல்லட்டும்," என்றார் அதைக் கொண்டுவந்தவர்.

கை தானாக ஸ்க்ரூடிரைவரை எடுத்தது. உடம்பு குனிந்தது. தம்பி பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். பொத்தான் தெறித்தது.

"சாகணுமாண்ணே? போன தடவ தூக்கினவன் நான்! இன்னொரு தடவ என்னால ஆகாது."

நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு முழம் தள்ளி நின்று, கண்ணை மூடிக் கேட்டார்.

"உள்ள சுத்தற ரோட்டார் உரசுது."

தம்பி குனிந்து ஸ்க்ரூடிரைவரில் காது வைத்தார். "பேரிங்ணே."

"உரசுதுன்னு சொல்றேன்ல."

பிரித்தார்கள். பேரிங்கில் ஒரு குண்டு உடைந்திருந்தது. ரோட்டாரில் ஒரு கீறல்கூட இல்லை.

"அதனால என்னண்ணே, உடம்பு சரியில்லாதவர்தானே," என்றார் மோட்டார்காரர். அந்த ஆள் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் பேஸ்மேக்கர் இருந்த இடத்தைத் தொட்டுக்காட்டி என்னிடம் சொன்னார்: "இத எடுத்துடச் சொல்லுங்க அக்கா."

"எடுத்தா மறுபடி விழுவீங்க. எழுந்திருப்பீங்களான்னு நான் சொல்ல முடியாது."

"விழுந்த அன்னிக்குக்கூட சரியாத்தான் சொன்னேன்."

"ஆமா. சொல்லிட்டு விழுந்தீங்க."

மனைவி எழுந்து உள்ளே போய்விட்டார். தள்ளி நின்று கேட்கவும் பழகிவிடும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கே நம்பிக்கையில்லாததை நான் சொல்வதில்லை.

மறுநாள் காலை நாங்கள் போனபோது, தம்பி மேசையைச் சுற்றித் தரையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். அண்ணனின் நாற்காலி வாசலோரம் போயிருந்தது.

"இந்தக் கோட்டத் தாண்டாதீங்கண்ணே."

அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மேசையிலிருந்து கோடு வரை முழங்கையால் அளந்தார்.

"டாக்டர் சொன்னது ஒரு முழம். நீ நாலு முழம் போட்டிருக்கே. கடையவே எழுதி வாங்கப் பாக்கறியா?"

"பயம்ணே. வேற ஒண்ணுமில்ல."

"பயப்பட நான் ஒருத்தன் போதும்."

இன்னும் காயாத கோட்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். இரண்டு முழம் அளந்து சாக்பீஸால் தானே ஒரு கோடு போட்டார். நாற்காலியை இழுத்துவந்து அதை ஒட்டிப் போட்டு, மேசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். அன்று வந்த முதல் மோட்டாரைத் தம்பிதான் குனிந்து கேட்டார். இவர் திரும்பவே இல்லை.