சுண்ணாம்படித்த அடுப்பு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நெல்லியாளம் பக்கத்து பஜாரில் இ-சேவை மையம் வைத்து ஒன்பது வருஷமாகிறது. சர்வர் படுத்துவிட்டால் கம்ப்யூட்டரைத் திட்டுவேன், ஆதார் நகலை மழையில் நனைத்துக்கொண்டு வருகிறவர்களையும் திட்டுவேன். தெய்வம்மாக்கா விஷயத்தில் மட்டும் திட்டு வாங்க வேண்டிய ஆள் நான்தான். அவர் இன்றுவரை ஒரு வார்த்தை திட்டியதில்லை.

அவருக்கு நாற்பத்தாறு வயது. தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷனில் கொழுந்து பறிக்கிறார். அப்பாவும் அம்மாவும் இலங்கையில் கண்டிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அக்கா பிறந்ததே இங்கேதான், ஆனாலும் நாங்கள் லைன் வீடு என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளை அவர் லயம் என்றுதான் சொல்வார். புருஷன் எல்லப்பன் செத்துப்போய் மூன்று வருஷம். பத்தாவது படிக்கிற மகள் ரஞ்சனியோடு ஒரு அறையும் ஒரு சமையல்கட்டுமாக இருக்கிறார்.

தாயும் மகளும் கொழுந்தனார் பாலுவின் ரேஷன் கார்டில் இருந்தார்கள். பாலு குடும்பத்தோடு திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனார். போகிறபோது, "அண்ணி, நீங்க தனியா கார்டு போட்டுக்குங்க" என்று நல்ல மனசோடு இரண்டு பேர் பெயரையும் நீக்கிக் கொடுத்தார். நீக்குவதற்கு அதிக நாள் ஆகவில்லை. புதுக் கார்டு வருகிறவரைக்கும் அரிசி கிடையாது என்பதைத்தான் யாரும் யோசிக்கவில்லை. வேலைக்குப் போன நாளுக்குத்தான் கூலி, அதிலும் பாதி கடை அரிசிக்கே போய்விடும்.

விண்ணப்பத்தை நான்தான் போட்டுக் கொடுத்தேன். அதற்கப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் சாயங்காலம், இலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட அவிழ்க்காமல் வந்து வாசலில் நிற்பார்.

"வந்திருச்சா புள்ள?"

"இன்னும் இல்லீங்க்கா."

தலையை ஆட்டிக்கொண்டு போய்விடுவார். உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார், உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாதாம்.

ஒருநாள் கடையில் எட்டுப் பேர் நின்றிருந்தார்கள், சர்வர் வேறு படுத்துகிறது. அக்கா வந்தார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அக்கா, ஆபீசர் இந்த வாரம் உங்க அடுப்பைப் பார்க்க வருவாருங்க. ரெடியா இருங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். எதற்குப் பார்க்க வருகிறார் என்று சொல்லவில்லை. தனியாகச் சமைக்கிறார்களா, இல்லை கார்டு இருக்கிற வேறு வீட்டில் சேர்ந்து சாப்பிடுகிறார்களா என்று பார்க்கத்தான் வருகிறார். அதைச் சொல்ல அரை நிமிஷம் ஆகியிருக்குமா? சொல்லவில்லையே!

தோட்டத்துக்காரர்களுக்கு 'பார்க்க வருகிறார்' என்றால் ஒரே அர்த்தம். முன்பெல்லாம் தோட்டத்து மேனேஜர் துரை லயம் பார்க்க வருவார். அடுப்படியில் கரி இருந்தால் திட்டு, சாம்பல் கிடந்தால் அபராதம். அம்மா துரைக்குப் பயந்து அடுப்பைக் கழுவியதைப் பார்த்து வளர்ந்தவர் தெய்வம்மாக்கா. வேலைக்கு லீவு போட்டார். அடுப்பின் சாம்பலை ஒரு பொட்டு விடாமல் அள்ளிக் கொட்டினார். அடுப்பை மெழுகி, கரி பிடித்த சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். சட்டிகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தார். அப்புறம், மறுபடி கரி பிடித்துவிடுமே என்று இரண்டு நாள் அடுப்பே மூட்டவில்லை. பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள் கொடுத்த கஞ்சியைத் தாயும் மகளும் குடித்தார்கள்.

மூன்றாம் நாள் ஆபீசர் வந்தார். பளபளவென்றிருந்த அடுப்பைப் பார்த்தார்.

"இன்னைக்கு எங்கம்மா சாப்பிட்டீங்க?"

"பக்கத்து வீட்லங்க ஐயா."

"நேத்து?"

"நேத்தும் அங்கதாங்க."

பொய் சொல்லத் தெரியாத ஜென்மம்! அவர் என்ன எழுதுவார்? தனிச் சமையல் இல்லை என்று எழுதினார். விண்ணப்பம் தள்ளுபடி.

செய்தி வந்ததும் நான் கத்தினேன். "ஏனுங்க்கா, அடுப்பெரியாத ஊட்டுக்கு யாருங்க கார்டு குடுப்பாங்க?" என்று கடை முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். அக்கா மெதுவாகச் சொன்னார்: "நீதானே புள்ள, பார்க்க வர்றாங்கன்னு சொன்ன. சுத்தமா இருக்கணுமில்ல?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுபடி விண்ணப்பம் போட்டேன். மறுபடி சனிக்கிழமைகள். மழை பிடித்துக்கொண்டது, இலை குறைந்தது, வேலையும் வாரத்தில் மூன்று நாளாயிற்று. ரஞ்சனிக்குப் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சோறு உண்டு. ராத்திரிக்குக் கோதுமை மாவு ரொட்டி, இல்லாவிட்டால் மரவள்ளிக்கிழங்கு. கருப்பம்மாள் அரிசி கொண்டுவந்தாலும் அக்கா இப்போதெல்லாம் வாங்குவதில்லை. "ஆபீசர் கேட்டா பக்கத்து வீட்டுச் சோறுன்னு சொல்ல வேண்டியிருக்கும்" என்றாராம். கேட்டபோது எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

இரண்டாவது தடவை ஆபீசர் வருகிற அன்று காலையிலேயே கடையைச் சாத்திவிட்டு லைனுக்குப் போய்விட்டேன். மூலை திரும்பும்போதே அக்கா வீட்டுக் கூரையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. உள்ளே கண்ணைத் திறக்க முடியவில்லை. கவாத்தில் செடிகளை வெட்டிவிட்டபோது பொறுக்கிய தேயிலைக் குச்சிகள் ஈரத்தோடு எரிந்துகொண்டிருந்தன. சுண்ணாம்புச் சுவர் மறுபடி கறுத்திருந்தது. பெரிய சட்டி மூடியோடு தளதளவென்று கொதித்தது.

"விடியக்காலை மூட்டுனது புள்ள. அணைய விடல" என்றார். கண்கள் சிவந்திருந்தன.

பதினொரு மணிக்கு அதே ஆபீசர் வந்தார். இருமிக்கொண்டே அடுப்படியைப் பார்த்தார். "இப்பத்தாங்க சமையல்கட்டு மாதிரி இருக்கு" என்றார். எனக்கு மூச்சு வந்தது. அப்படியே போயிருக்கலாம். போகிற போக்கில் சட்டி மூடியைத் தூக்கிவிட்டார்.

"என்னம்மா, வெறும் தண்ணியா கொதிக்குது? அரிசி போடலையா?"

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அரிசிக்குத்தாங்க ஐயா, கார்டு கேட்டிருக்கேன்."

கோபமாகச் சொல்லவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். ஆபீசர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. மூடியைச் சத்தமில்லாமல் வைத்தார், அக்காவை அடுப்புப் பக்கத்தில் நிற்கச் சொல்லிப் போட்டோ எடுத்தார், 'தனிச் சமையல் உண்டு' என்று பதிந்துகொண்டார். கார்டு வர இன்னும் ஒரு மாசமாவது ஆகும் என்று என்னிடம்தான் சொன்னார். அக்கா முகத்தைப் பார்த்துச் சொல்ல அவரால் முடியவில்லை.

அவர் போனதும் அக்கா குச்சிகளை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தார். பாதி எரிந்தவற்றை எடுத்து ஓரமாக அடுக்கினார். அப்புறம் கொதித்த தண்ணீரில் ஒரு கை தேயிலைத் தூள் போட்டு, இரண்டு டம்ளரில் வடிகட்டினார்.

"குடிச்சிட்டுப் போ புள்ள. தண்ணி கொதிச்சது வீணாப் போகக் கூடாதில்ல."

சர்க்கரை இல்லை. அதுவும் கார்டு வந்தால்தான். நான் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.