இடது பக்கச் சத்தம்

ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டுப் பக்கம் குடியிருக்கும் ரஞ்சனிக்குக் காதுதான் பிழைப்பு. டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்து அனுப்பும் நோயாளிக் குறிப்புகளை ஹெட்போனில் கேட்டு, வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுப்பாள். வாய்க்குள்ளேயே முணுமுணுக்கும் டாக்டரின் பதிவு வந்தால் ஆபீசில் நேராக அவளுக்குத்தான் தள்ளிவிடுவார்கள்.

போன ஆடியில் ஒருநாள் காலை லேப்டாப்பைத் திறந்தால், அது ராத்திரியே தானாக அப்டேட் ஆகி, புது சிஸ்டத்துக்கு மாறியிருந்தது. சத்தமே இல்லை. மதியத்துக்குள் வேலையை முடித்தாக வேண்டும். செல்போனில் வீடியோ பார்த்து, சத்தத்தை இயக்கும் சவுண்ட் டிரைவர் என்ற மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி போட்டாள். ரீஸ்டார்ட் ஆனதும் டாக்டரின் குரல் வந்தது, வலது பக்கம் மட்டும்.

செட்டிங்ஸில் இரண்டு பக்கமும் சமமாகத்தான் இருந்தது. இடது பக்கத்தை முழுக்க ஏற்றிப் பார்த்தாள். ம்ஹூம். அப்டேட்டைத் திட்டித் தீர்த்துவிட்டு, அரியமங்கலம் பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவன் கலையரசனைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, இதைக் கொஞ்சம் மாட்டிப் பாருங்க. லெஃப்ட் சைடு வேலை செய்யல."

மாட்டிய வேகத்தில் அவன் கழற்றினான். "அய்யோ, லெஃப்ட்லதான் காது கிழியுது! ஏன் இவ்வளவு சத்தமா வச்சிருக்கே?"

"வெளையாடாதீங்க."

"சத்தியமா ரெண்டு பக்கமும் கேக்குது, ரஞ்சனி."

அவள் ஹெட்போனைப் பக்கம் மாற்றி மாட்டிக்கொண்டாள். செத்துப்போனதாக நினைத்த பக்கம் வலது காதில் கணீரென்று பேசியது. இடது காதில் ஒன்றுமில்லை. கழற்றிவிட்டு இடது காதோரம் விரல்களை மெல்ல உரசினாள். விரல் உரசியது தெரிந்தது, சத்தம் வரவில்லை. வலது காதோரம் உரசினாள், கேட்டது.

"லேப்டாப்புல ஒண்ணும் இல்லீங்க. எனக்குத்தான் கேக்கல."

கலையரசன் பட்டறைக்குப் போகவில்லை. காவிரிப் பாலம் தாண்டிப் புத்தூரில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு பைக்கில் அழைத்துப் போனான். வழியெல்லாம் ஹாரன்கள் ஒரே பக்கமிருந்து அலறின.

காது டாக்டர் சோதித்துப் பார்த்தார். "உள்காதுல நரம்பு பாதிச்சிருக்கும்மா. சில பேருக்குத் திடீர்னு இப்படி வரும். எப்பலேருந்து?"

"காலையிலதான் தெரிஞ்சுது டாக்டர். லேப்டாப் கோளாறுன்னு அதைப் போட்டு நோண்டிக்கிட்டிருந்தேன்."

"சீக்கிரம் வந்தது நல்லதாப் போச்சு. ஆனா முழுசாத் திரும்புமான்னு இப்ப சொல்ல முடியாது."

மாத்திரையும் ஊசியுமாகப் போன மாதங்களில் கேட்கும் திறன் பாதிதான் திரும்பியது. வேலையை அவள் விடவில்லை. இரண்டு பக்கச் சத்தமும் வலது காதுக்கே வரும்படி செட்டிங்ஸை மாற்றிக்கொண்டாள். ஆனால் கடைத்தெருவில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால், எந்தத் திசை என்று புரியாமல் இன்னமும் திகைத்து நின்றுவிடுகிறாள். கூட நடக்கும்போது கலையரசன், சொல்லாமலே அவளுக்கு வலப்பக்கம் வந்துவிடுகிறான்.